வாய்ப்புண் 3 மாதம், அப்புறம் உடம்பில் கொப்புளம்: இது அக்கியா, வேறு நோயா?

கேள்வி சுருக்கமாக இது. கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் ஒரு மகள் கேட்கிறார். அம்மாவுக்கு வயது 56. தைப்பூசத்துக்கு முன்பே வாயில் புண் வந்தது. பல் டாக்டர் வாய் கொப்பளிக்கும் மருந்து கொடுத்தார், பக்கத்து கிளினிக்கில் வைட்டமின் பி மாத்திரை கொடுத்தார்கள். 3 மாதமாகியும் ஆறவில்லை. இப்போது நெஞ்சிலும் முதுகிலும் தலையிலும் கொப்புளங்கள். அத்தை அக்கி என்கிறார், காவி எழுதியாகிவிட்டது. பெரியம்மா அம்மை என்று சொல்லி, வேப்பிலை செருகி, தனி அறையில் படுக்க வைத்திருக்கிறார். உடம்பே தன்னைத் தாக்கும் நோயாக இருக்கலாம் என்று எங்கோ படித்தேன், அதை எப்படிக் கண்டுபிடிப்பது, அத்தை வாங்கி வந்த பொடியைக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

நான் இங்கே அரசாங்க ஆஸ்பத்திரியில் தோல் வார்டில் தாதியாகப் பல வருடம் இருந்தவள். டாக்டர் இல்லை. பார்க்காமல் இதுதான் என்று முத்திரை குத்த யாராலும் முடியாது. ஆனால் நீங்கள் சொன்ன வரிசை, அதாவது முதலில் வாய், அப்புறம் உடம்பு, அதுவும் மாதக்கணக்கில், எந்தத் தோல் வார்டிலும் ஒரே பெயரைத்தான் முதலில் நினைக்க வைக்கும்: பெம்பிகஸ் வல்காரிஸ். அதனால் இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். மற்றதெல்லாம் ஏன், எப்படி என்ற விளக்கம்.

முதலில் அக்கியை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் நம் வீடுகளில் கொப்புளம் என்றாலே அதுதான் முதல் தீர்ப்பு. டாக்டர்கள் ஷிங்கிள்ஸ் என்று சொல்வதும் பெரும்பாலும் இதைத்தான். சின்ன வயதில் வந்த அம்மைக் கிருமி நரம்பில் தூங்கிக் கிடந்து, வயதான பிறகோ உடம்பு தளர்ந்தபோதோ எழுந்து வரும். ஒரு நரம்பு போகும் பாதையில் மட்டும் வரும். அதனால்தான் முதுகெலும்பில் தொடங்கி விலாவைச் சுற்றி ஒரு பட்டையாக, உடம்பின் ஒரே பக்கத்தில் நிற்கும். நடுக்கோட்டைத் தாண்டாது. கொப்புளம் வருவதற்கு ஓரிரு நாள் முன்பே அந்த இடத்தில் எரிச்சலும் குத்தலும் இருக்கும். பொருக்கு கட்டி, பொதுவாக 2 முதல் 4 வாரத்தில் தோல் ஆறிவிடும். வலி சிலருக்கு மாதக்கணக்கில் தொடரும், அது வேறு கதை.

காவி எழுதினால் அக்கி போகிறது என்று எல்லாரும் சத்தியம் செய்வது இதனால்தான். எழுதினாலும் போகும், எழுதாவிட்டாலும் போகும். அத்தையைக் குறை சொல்லவில்லை, அவர் பார்த்த அக்கி எல்லாம் உண்மையிலேயே ஆறியிருக்கும். உங்கள் அம்மாவுக்கு வந்திருப்பதோ நெஞ்சு, முதுகு, தலை என்று இரண்டு பக்கமும் பரவியிருக்கிறது, வாயில் 3 மாதமாக இருக்கிறது. அக்கிக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது. அம்மைக்கும் கிடையாது. பெரியவர்களுக்கு அம்மை வந்தால் காய்ச்சலோடு வரும், அலை அலையாகச் சில நாள் கிளம்பும், ஒரு வாரம் பத்து நாளில் பொருக்காகிவிடும். இந்த நோயைப் பிரித்துப் பார்க்க வீட்டில் இருக்கும் மிக நல்ல கருவி சுவரில் தொங்கும் காலண்டர்தான். ஆறாத வாய்ப்புண் 2 வாரத்தைத் தாண்டினால் அதற்கு ஒரு காரணம் தேட வேண்டும். ஒரு கொப்புளம் ஆறுவதற்குள் அடுத்தது, அது ஆறுவதற்குள் இன்னொன்று என்று மாதம் தாண்டினால் அது கிருமி வேலையாக இருக்க வாய்ப்பு குறைவு.

சரி, பெம்பிகஸ் என்றால் என்ன? தோலின் மேலடுக்கில் உள்ள செல்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும் புரதங்கள் உண்டு. அவற்றில் டெஸ்மோகிளீன் 3 வாயின் உள்தோலில் முக்கியம், டெஸ்மோகிளீன் 1 வெளித்தோலில் முக்கியம். கிருமியை அடிக்க வேண்டிய எதிர்ப்பணுக்கள் குறி தவறி இந்தப் புரதங்களை அடிக்கின்றன. பிடி விட்டுப்போகிறது, செல்கள் கழன்றுகொள்கின்றன, இடையில் நீர் கோக்கிறது. முதலில் 3-க்கு எதிராக மட்டும் கிளம்பினால் வாய் மட்டும் புண்ணாகும். அப்புறம் 1-க்கு எதிராகவும் கிளம்பினால் உடம்புக்கு வரும். உங்கள் அம்மா விஷயத்தில் வாய்க்கும் உடம்புக்கும் நடுவே மாதக்கணக்கில் இடைவெளி இருந்தது இப்படித்தான் பொருந்துகிறது. 1 மட்டும் தாக்கப்பட்டால் அது பெம்பிகஸ் ஃபோலியேசியஸ். அதில் வாய் தப்பிக்கும், தலையிலும் முகத்திலும் நெஞ்சிலும் செதில் செதிலாகப் பொருக்கு மட்டும் தெரியும். பொடுகு என்றும் சொறி என்றும் வருடக்கணக்கில் கிரீம் போட்டுக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

கொப்புளத்தைக் கிட்டத்தில் பாருங்கள். பெம்பிகஸ் கொப்புளம் தோலின் மேல்பகுதியிலேயே உருவாவதால் அதன் கூரை பாலாடை மாதிரி மெல்லிசு. தளதளவென்று தொய்ந்து கிடக்கும், பிரா பட்டை பட்டாலே, தலை சீவினாலே உடைந்துவிடும். அதனால் பல நேரம் டாக்டரிடம் வரும்போது கொப்புளமே இருக்காது, ஓரத்தில் தோல் சுருண்ட, ஈரமான, சிவந்த புண்தான் இருக்கும். நைட்டியோ படுக்கை விரிப்போ அதில் ஒட்டிக்கொண்டு காலையில் பிய்த்தெடுக்கும்போது உயிர் போகும். அரிப்பை விட எரிச்சலும் வலியும்தான் அதிகம். கொப்புளத்துக்குப் பக்கத்தில் நன்றாகத் தெரியும் தோலை விரலால் அழுத்தித் தள்ளினால் அதுவும் வழண்டு வரும். இதற்கு நிக்கோல்ஸ்கி அறிகுறி என்று பெயர். டாக்டர் ஒரு முறை பார்த்துக்கொள்வார், நீங்கள் வீட்டில் சோதித்துப் பார்க்காதீர்கள். புதுப் புண் ஒன்று கிடைப்பதுதான் மிச்சம்.

வாயைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாள் வீணாவது அங்கேதான். சாதாரண வாய்ப்புண் வட்டமாக, நடுவில் மஞ்சளாக, ஓரத்தில் சிவப்பாக இருக்கும். ஒன்று முதல் இரண்டு வாரத்தில் ஆறும். பெம்பிகஸ் புண்ணுக்கு ஒழுங்கான உருவம் இல்லை. கன்னத்தின் உட்பக்கம், அண்ணம், ஈறு என்று தோலுரிந்த மாதிரி பரவிக் கிடக்கும். சில பெண்களுக்கு ஈறு மட்டும் சிவந்து உரியும், பல் துலக்கினால் ரத்தம் வரும், ஈறு நோய் என்று பல்லைச் சுத்தம் செய்துகொண்டே இருப்பார்கள். தொண்டை வரை போனால் குரல் கம்மும், விழுங்க முடியாது. மூக்கு, கண், பெண்ணுறுப்பு ஆகிய இடங்களிலும் வரலாம். அம்மா வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருப்பார், நீங்கள் தனியாகக் கேளுங்கள்.

கன்னத்தின் உட்புறம் வெள்ளைச் சரிகை போட்ட மாதிரி கோடுகள் தெரிந்தால் அது லைக்கன் பிளேனஸாக இருக்கலாம், அதுவும் எதிர்ப்புச் சக்தி குழம்புவதால் வருவதுதான். அப்புறம் உங்கள் அம்மாவுக்கு வெற்றிலை பாக்கு பழக்கம் உண்டா? தோட்டத்தில் வளர்ந்த நம் பெண்கள் பலருக்கு உண்டு. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களிடம், அதிலும் பெண்களிடம் அதிகம் காணப்படுவதற்கு அது ஒரு பெரிய காரணம். அதனால் ஆறாத வாய்ப்புண்ணில் டாக்டர் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றால் பயந்து ஓடக்கூடாது. பெம்பிகஸா, புற்றா, லைக்கனா என்று மூன்றையும் பிரித்துச் சொல்வது அந்தச் சின்னத் துண்டுதான்.

இதே கேள்வி 75 வயது தாத்தாவைப் பற்றி வந்திருந்தால் என் பதில் வேறு பக்கம் போயிருக்கும். வயதானவர்களுக்கு வருவது பெரும்பாலும் புல்லஸ் பெம்பிகாய்ட். பெயர் ஒத்திருப்பதால் இரண்டையும் ஒன்றாக நினைக்காதீர்கள். 1953-இல் வால்டர் லீவர் என்ற தோல் மருத்துவர் பிரித்துக் காட்டும் வரை டாக்டர்களே ஒன்றாகத்தான் நினைத்தார்கள். பெம்பிகாய்டில் பிடி விடுவது மேல்தோலும் அடித்தோலும் சேரும் இடத்தில். கூரை கனமாக இருப்பதால் கொப்புளம் விம்மி, கெட்டியாக, சுலபத்தில் உடையாமல் நிற்கும். தொடை, அடிவயிறு, அக்குள், கை மடிப்பு இங்கெல்லாம் வரும். வாயில் வருவது குறைவு. அரிப்பு பயங்கரமாக இருக்கும். கொப்புளம் வருவதற்குப் பல வாரம், சிலருக்குப் பல மாதம் முன்பே தூக்கத்தைக் கெடுக்கும் அரிப்பு மட்டும் இருக்கும். வயசானால் தோல் காய்ந்து அரிக்கத்தான் செய்யும், கத்தரிக்காயும் கருவாடும் சாப்பிட்டிருப்பார் என்று வீட்டில் விட்டுவிடுவார்கள்.

பக்கவாதம் வந்தவர்கள், பார்க்கின்சன் நோய் உள்ளவர்கள், ஞாபக மறதி நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு இது கூடுதலாக வருகிறது. இன்னொரு விஷயம் நம்மவர்கள் வீட்டுக்கு வீடு பொருந்தும்: இனிப்பு நீருக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் கிலிப்டின் என்று முடியும் ஒரு வகை உண்டு. வில்டாகிலிப்டின், லினாகிலிப்டின், சிட்டாகிலிப்டின் மாதிரி. இவற்றைச் சாப்பிடுபவர்களில் சிலருக்குப் பெம்பிகாய்ட் வருவது உலகம் முழுக்கக் கவனிக்கப்பட்டிருக்கிறது, அதிலும் வில்டாகிலிப்டினோடு தொடர்பு வலுவாகத் தெரிகிறது. சாப்பிடுபவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. அதனால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆனால் தாத்தாவுக்கு அரிப்பும் கொப்புளமும் இருந்தால் மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்குக் காலில் திடீரென்று வலியில்லாமல் ஒரு பெரிய கொப்புளம் வருவது வேறு, அது தானாகவே ஆறும். கிருமி சேராமல் பார்த்துக்கொண்டால் போதும், கால் என்பதால் கிளினிக்கில் காட்டிவிடுங்கள்.

ஒரே ஒரு நிலைமையில் மட்டும் காலண்டர் பார்க்கக் கூடாது. புது மருந்து ஒன்று தொடங்கி சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் காய்ச்சல், கண் சிவப்பு, வாயும் உதடும் வெந்து, உடம்பில் தோல் உரிய ஆரம்பித்தால் அது ஸ்டீவன்ஸ் ஜான்சன் நோயாக இருக்கலாம். வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமாசெபின், கவுட் என்ற மூட்டுவலிக்குக் கொடுக்கும் அலோபியூரினால், சில சல்ஃபா மருந்துகள் இதற்குப் பெயர் போனவை. மருந்தை நிறுத்திவிட்டு அன்றே, நடுராத்திரியானாலும், எமர்ஜென்சிக்குப் போக வேண்டும். உங்கள் அம்மாவுக்கு 3 மாதமாக மெதுவாக வந்திருப்பதால் இது இல்லை என்றே தோன்றுகிறது.

இப்போது பரிசோதனை. கொப்புளத்தைப் பார்த்தே அனுபவமுள்ள தோல் டாக்டர் ஊகித்துவிடுவார், ஆனால் உறுதி செய்வது பயாப்ஸிதான். மரத்துப்போக ஊசி போட்டு, சுமார் 4 மில்லிமீட்டர் வாய் உள்ள வட்டக் கத்தியால் இரண்டு துண்டு எடுப்பார்கள். ஒன்று புதுக் கொப்புளத்தின் ஓரத்திலிருந்து, அது ஃபார்மலின் பாட்டிலில் போகும். இரண்டாவது, கொப்புளத்துக்குப் பக்கத்தில் பார்ப்பதற்கு நன்றாக இருக்கும் தோலிலிருந்து. நல்ல தோலை ஏன் வெட்டுகிறீர்கள் மிஸ்ஸி என்று சண்டைக்கு வராத ஆள் கிடையாது. எதிர்ப்பணு ஒட்டியிருப்பது அங்கேதான் கெடாமல் தெரியும், உடைந்த இடத்தில் எல்லாம் கலைந்து போயிருக்கும். இந்த இரண்டாவது துண்டு ஃபார்மலினில் விழுந்தால் போச்சு, சோதனையே பாழ். அதற்குத் தனித் திரவம் உண்டு. பாட்டிலில் பெயர் ஒட்டும்போது நாங்கள் ஒன்றுக்கு இரண்டு தடவை பார்ப்பது அதற்காகத்தான். ஆய்வுக்கூடத்தில் ஒளிரும் சாயம் சேர்த்து நுண்ணோக்கியில் வைத்தால், பெம்பிகஸில் செல்களைச் சுற்றிச் சுற்றிப் பச்சையாக வலை தெரியும். பெம்பிகாய்டில் மேல்தோலின் அடியில் ஒரே கோடாக ஓடும். எதிர்ப்பணுவை அளக்க ரத்தப் பரிசோதனையும் உண்டு. ஒன்றிரண்டு தையல் போட்டு அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

இதில் உங்களால் ஆகக்கூடிய உதவி ஒன்று உண்டு. நேற்றோ இன்றோ கிளம்பிய புதுக் கொப்புளம் இருக்கும் நாளில் அழைத்துப் போங்கள், உடைக்காதீர்கள், மேலே மஞ்சளோ காவியோ கிரீமோ பூசாதீர்கள். ஏற்கெனவே எழுதிய காவியைத் தேய்த்துக் கழுவ வேண்டாம், தோலும் சேர்ந்து வரும். நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் வைத்து, தானாக வருவதை மட்டும் எடுங்கள். தினமும் வெளிச்சத்தில் போனில் ஒரு படம் பிடித்து வையுங்கள். நம்பர் கிடைத்து உள்ளே போகும் நாளில் கொப்புளம் உடைந்திருந்தாலும் படம் பேசும்.

எங்கே போவது? பக்கத்தில் உள்ள கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசாங்க சுகாதார கிளினிக்கில், 1 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்துப் பதிந்து, டாக்டரிடம் 3 மாத வாய்ப்புண், இப்போது கொப்புளம் என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். வாயைப் பல் டாக்டரிடமும் தோலை வேறு டாக்டரிடமும் தனித்தனியாகக் காட்டிக்கொண்டிருந்தால் யாருக்கும் முழுப்படம் தெரியாது. தோல் பிரிவுக்கு சூராட், அதாவது பரிந்துரைக் கடிதம், கேட்டு வாங்குங்கள். உங்களுக்கு ஜாலான் பகாங்கில் கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரி கிட்டத்தில்தான், அங்கே தோல் பிரிவு இருக்கிறது. குடியுரிமை உள்ளவர்களுக்கு நிபுணரைப் பார்க்க வழக்கமான கட்டணம் 5 வெள்ளி. தேதி ரொம்பத் தள்ளிப் போட்டால், கொப்புளம் பரவுகிறது, சாப்பிட முடியவில்லை என்று கிளினிக் டாக்டரையே அங்கே போன் பண்ணிப் பேசச் சொல்லுங்கள். பெம்பிகஸ் சந்தேகம் என்றால் வரிசையில் முன்னே எடுப்பார்கள். தண்ணீர்கூட விழுங்க முடியாமல் போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, பெரிய பரப்பில் தோல் உரிந்தாலோ எந்தத் தேதிக்கும் காத்திருக்காமல் எமர்ஜென்சிக்குப் போங்கள். உரிந்த தோல் வழியாகக் கிருமி ரத்தத்துக்குப் போவதுதான் இந்த நோயில் ஆளைக் கொல்வது.

பயமுறுத்தச் சொல்லவில்லை. ஸ்டீராய்டு மருந்து வருவதற்கு முன், 1950-களுக்கு முன்னால், பெம்பிகஸ் வந்தவர்களில் பெரும்பாலோர் சில வருடங்களுக்குள் இறந்துபோனார்கள். இன்று நிலைமை அப்படி இல்லை. பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டில் தொடங்கி, கூடவே எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசாதையோபிரின் அல்லது மைகோஃபெனலேட் சேர்த்து, மெதுவாகக் குறைப்பார்கள். ரிட்டுக்சிமாப் என்ற ஊசி மருந்துக்கு 2018-இல் அமெரிக்காவில் இந்த நோய்க்கென்றே அனுமதி கிடைத்தது. இங்கேயும் தேவைப்படுபவர்களுக்குக் கொடுக்கிறார்கள். வைத்தியம் மாதக்கணக்கில், பலருக்கு வருடக்கணக்கில் போகும். சர்க்கரை ஏறும், முகம் உப்பும், எலும்பு தேயும், அதற்கெல்லாம் கூடவே பார்ப்பார்கள். காசநோய், கல்லீரல் கிருமி சோதனையும் முதலிலேயே எடுப்பார்கள். ஆறிவிட்டதே என்று மாத்திரையைச் சட்டென்று நிறுத்துவதுதான் நான் வார்டில் அதிகம் பார்த்த கூத்து. நிறுத்தியவர் திரும்பி வரும்போது முன்பை விட மோசமாக வருவார்.

அம்மாவை அந்த அறையிலிருந்து வெளியே கொண்டு வாருங்கள். பெம்பிகஸ் யாருக்கும் ஒட்டாது, பேரப்பிள்ளைகள் மடியில் உட்காரலாம். மருந்து தொடங்கிய பிறகு எதிர்ப்புச் சக்தி குறைவதால் நிலைமை தலைகீழ், சளி காய்ச்சல் உள்ளவர்கள்தான் அவரிடமிருந்து தள்ளி நிற்க வேண்டும். அடுத்த தைப்பூசத்துக்கு அலகு வேண்டுதல் எதுவும் இருந்தால் பால்குடமாக மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். சாப்பாட்டில் முறுக்கு, பப்படம், சம்பால், சூடான எதுவும் வேண்டாம். ஆறிய கஞ்சி, தயிர், மசித்த பருப்பு, காலையில் பாசாரில் (சந்தையில்) கிடைக்கும் தௌ ஃபூ ஃபா என்ற மெத்தென்ற சோயா இனிப்பு எல்லாம் சுலபமாக இறங்கும். மென்மையான பிரஷ், நுரையும் காரமும் குறைந்த பற்பசை. படுக்கையில் ஒட்டாமல் இருக்க இந்தியாவில் சில ஆஸ்பத்திரிகளில் கிருமி நீக்கிய வாழை இலையைப் புண்ணின் மேல் போடுவார்கள், நல்ல வழிதான். ஆனால் தோட்டத்தில் அறுத்ததை அப்படியே போட்டுவிடாதீர்கள். வாசலின் தடவிய ஒட்டாத துணி கிளினிக்கிலேயே கிடைக்கும்.

கடைசியாக அத்தையின் பொடி. கொடுக்காதீர்கள். இங்கே விற்கும் பெயர் தெரியாத ஜாமு (மூலிகை மருந்து), பொடி, மாத்திரைகளில் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டைக் கலந்து விற்பது சுகாதார அமைச்சு பல தடவை பிடித்து எச்சரித்த விஷயம். அப்படிக் கலந்திருந்தால் கொப்புளம் ஒரு வாரத்தில் வற்றும், எல்லாரும் பொடியைப் புகழ்வார்கள், பயாப்ஸியில் நோய் மங்கலாகத் தெரியும், நிறுத்தியதும் மொத்தமாகக் கிளம்பும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் மறைக்க வேண்டாம். எத்தனை நாள், எவ்வளவு என்று எழுதி, பாக்கெட்டோடு டாக்டரிடம் கொண்டு போங்கள். மால் (MAL) என்று தொடங்கும் அரசாங்கப் பதிவு எண் அதில் இருக்கிறதா என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள். சில வாரமாகவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் மட்டும் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாமல், அன்றைக்கே டாக்டரிடம் கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.